பாடநெறிக்குப் பெயரிடுவோர் யார்?

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களிலே போதனா மொழி பற்றிய விவாதம் முடிந்துபோன ஒன்றெனப் பலரும் கருதுகின்றனர். 1960 களின் தொடக்கத்தில் தமிழும் சிங்களமும் விரிவுரை மண்டபங்களுள் நுழைந்தன. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையைத் தனது 21 ஆம் உறுப்புரையில் எழுதிவைத்தது. இனி இதிற் பேச என்ன இருக்கின்றது என்பது அவர்தம் எண்ணம். ஆனால், மண்டப வாயிலில் வென்ற மொழி இன்று வேறொரு வாயிலில் ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருக்கின்றது. இணையவழிப் பாடநெறி ஒன்றை உருவாக்க முற்படுவோர்க்குக் கணினித் திரையில் முதலில் தோன்றும் படிவமே அவ்வாயில்.

2020 மார்ச்சிற் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அதுவரை சில துறைகளின் விருப்பப் பொருளாக இருந்த கற்றல் முகாமைத்துவ முறைமை ஒரே மாதத்தில் அனைவர்க்கும் கட்டாயமாயிற்று. மாணவர் அதனை ‘எல்.எம்.எஸ்.’ என்றே அழைக்கின்றனர். பெரும்பாலான இடங்களில் அதன் அடித்தளமாக இருப்பது மூடில் என்னும் மென்பொருள். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் ஆக்கிய அதன் முதற் பதிப்பு 2002 இல் வெளிவந்தது. அறிவு என்பது கற்போர் கூடிக் கட்டியெழுப்பும் ஒன்று என்ற கல்விக் கோட்பாட்டிலிருந்து பிறந்த கருவி அது. ஈழத்து மண்ணில் அது பெரும்பாலும் விரிவுரைக் குறிப்புக்களைத் தொங்கவிடும் அறிவித்தற் பலகையாகப் பயன்படுகின்றமை வேறொரு கட்டுரைக்குரிய துயரம்.

அப்படிவம் கேட்பவை எளியவை போலத் தோன்றும். பாடநெறியின் முழுப்பெயர், குறும்பெயர், அது அடங்கும் பகுதி, தொடங்கும் நாள், முடியும் நாள், மாணவர் கண்ணுக்குத் தெரியவேண்டுமா மறைந்திருக்கவேண்டுமா என்பது, அலுவலக அடையாள எண், சுருக்க விளக்கம், வாரவாரியாக அமைப்பதா தலைப்புவாரியாக அமைப்பதா என்ற தெரிவு, திரையின் மொழி. இவற்றுள் முழுப்பெயர், குறும்பெயர், பகுதி ஆகிய மூன்றுமின்றி மென்பொருள் மேலே செல்ல விடாது. ஏனையவற்றை நிரப்பாது விட்டால் அது தானே ஏதோ ஒன்றை இட்டுக்கொள்ளும், அல்லது வெறுமையாக விடும்.

நடப்பது என்ன? விரிவுரையாளர் பாடநெறியின் குறியீட்டை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கணினிப் பிரிவுக்கு அனுப்புகின்றார். அங்குள்ள உத்தியோகத்தர் அதே குறியீட்டைக் குறும்பெயராக்குகின்றார். மூதவை ஏற்றுக்கொண்ட ஆங்கிலத் தலைப்பை முழுப்பெயராக்குகின்றார். சுருக்க விளக்கத்தை விட்டுவிடுகின்றார். தமிழிற் போதிக்கப்பட்டு, தமிழிற் பரீட்சிக்கப்படும் ஒரு பாடநெறி இவ்வாறு தமிழில் ஓர் எழுத்தேனும் இன்றிப் பிறந்துவிடுகின்றது. உத்தியோகத்தரைக் குறை கூறுதல் நீதியன்று. அவர் கையிற் கொடுக்கப்பட்டதை அவர் பதிந்தார். கொடுக்கப்படாததை அவரால் இயற்றமுடியாது.

முதலாம் வருடத்துக்கு மூதூரிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ வரும் மாணவி ஒருத்தியின் நிலையில் நின்று இதனை நோக்குதல் வேண்டும். வீட்டிலே கணினி இல்லை, கைத்தொலைபேசியே துணை. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்று, தமிழிற் பரீட்சை எழுதி வந்தவள் அவள். முதல் நாளிலே அவள் முன் விரிவது, மூன்று உரோமன் எழுத்துக்களும் நான்கு இலக்கங்களும் சேர்ந்த குறியீடுகளின் நீண்ட நிரல். எது கட்டாயப் பாடம், எது விருப்பத் தெரிவு, எது யாருக்குரியது என்று அறிய வழியில்லை. சுருக்க விளக்கம் என்ற பெட்டி ஏற்பட்டதே இதற்காகத்தான்: பாடநெறியிற் சேருமுன் அதனை எட்டிப்பார்ப்பவனுக்கும் அது தெரியும். அப்பெட்டி வெறுமையாக இருக்கும்போது அவள் செய்வது ஒன்றே. வாட்ஸ்அப் குழுவில் மூத்த மாணவரைக் கேட்பது. பல்கலைக்கழகம் சொல்லவேண்டியதை வதந்தி சொல்லுகின்றது.

நாட்களின் கதை இன்னும் வேடிக்கையானது. வாரவாரி அமைப்பிலே ஒவ்வொரு வாரத்தின் தலைப்பும் தொடக்க நாளிலிருந்தே கணிக்கப்படும். தொடக்க நாள் தவறினால் யாவும் தவறும். பாடநெறி உருவாக்கப்பட்டதற்கு மறுநாளை மென்பொருள் தானாக இட்டுவைத்திருக்க, விரிவுரைகளோ மூன்று வாரங்கள் கழித்துத் தொடங்கினால், முதல் விரிவுரையன்று திரை நான்காம் வாரத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். முடிவு நாள் தவறினால் நிகழ்வது அதனினும் மோசம்: நடந்துகொண்டிருக்கும் பாடநெறி மாணவரின் முகப்பில் ‘முடிந்தவை’ என்ற பிரிவுக்குள் சென்று ஒளிந்துகொள்ளும். சென்ற ஆண்டுப் பாடநெறியை அப்படியே பிரதி செய்து, அதன் பழைய நாட்களைத் திருத்த மறப்போர் இவ்விபத்தை ஆண்டுதோறும் அரங்கேற்றுகின்றனர். ஒப்படை கொடுக்கத் தவறிய மாணவனுக்குப் புள்ளி குறைகின்றது. நாளைத் திருத்தத் தவறியவருக்கு எதுவும் குறைவதில்லை.

“இவையெல்லாம் எழுதுவினைஞர் வேலை, விரிவுரையாளரின் பணி அறிவைப் போதிப்பது” என்பார் உளர். இவ்வாதமே இச்சீர்கேட்டின் வேர். ஒரு பாடநெறிக்குத் தமிழிற் பெயரிடுதல் எழுதுவினைஞர் வேலையா? ஆங்கிலத்தில் ஃபோக்லோர் என்ற ஒரு சொல்லோடு போய்விடலாம். தமிழிலோ நாட்டார் வழக்காற்றியலா, நாட்டாரியலா, நாட்டுப்புறவியலா என்று தீர்மானிக்கவேண்டும். ‘நாட்டார்’ என்பது மக்களைச் சுட்டுகின்றது. ‘நாட்டுப்புறம்’ இடத்தைச் சுட்டுகின்றது. நகரத்துத் தொழிலாளியின் பாட்டு இப்பாடநெறிக்குள் அடங்குமா என்ற கேள்விக்கு விடை அப்பெயரிலேயே தொடங்கிவிடுகின்றது. பெயரிடுபவர் பாடத்தின் எல்லையை வரைகின்றார். முதல் விரிவுரை நிகழும் முன்னரே நிகழும் போதனை அது. அதனைக் கணினிப் பிரிவுக்குத் துண்டுக் கடதாசியில் அனுப்புதல், அரங்கத்துக்கு ஆளனுப்பி முதல் விரிவுரையை வாசிக்கச் செய்வதற்கு ஒப்பாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் போதிக்க முற்பட்ட அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், அதற்குரிய நூல்களையும் கலைச்சொற்களையும் தம் மாணவரின் துணையோடு ஆக்கிக்கொண்டார். மொழி அவருக்குத் தாய்மொழியன்று. அச்சுக்கூடமோ இன்றைய விசைப்பலகை போல விரலடியில் இருந்ததன்று. அவர் வாழ்ந்த மண்ணிலே, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அறிஞர் ஒருவருக்கு ஒரு தலைப்பும் பத்து வரி விளக்கமும் சுமையாகத் தோன்றுவது விந்தையே.

இரண்டாவது வாதம் நிர்வாகத்தினுடையது. பெறுபேற்றுச் சான்றிதழ் ஆங்கிலத்தில் வழங்கப்படுகின்றது. பதிவாளர் அலுவலகத்தின் ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே பெயரும் ஆங்கிலத்தில் இருந்தாலே ஒத்துப்போகும் என்பது. இவ்வாறு கூறுவோர் படிவத்தை முழுமையாக வாசித்திலர் என்றே கொள்ளவேண்டும். அலுவலக ஏடுகளோடு ஒத்துப்பார்ப்பதற்கென்றே அதில் அடையாள எண் என்னும் தனிப்பெட்டி உண்டு. குறியீட்டை அங்கே இடலாம். மனிதர்க்குரிய பெயரை மனிதர்க்குரிய பெட்டியில் இடலாம். இரு மொழிகளும் வேண்டுமெனின், ஒரே பெயரை இரு மொழிகளிற் பதிந்து, பார்ப்பவர் தெரிந்த மொழியிற் காட்டும் வடிகட்டியும் அம்மென்பொருளில் உண்டு. தளத்தை நிர்வகிப்போர் அதனை இயக்கினாற் போதும். அலுவலகத்தையும் மாணவனையும் மென்பொருள் வேறுபடுத்தி அறிந்திருக்கின்றது. பல்கலைக்கழகமே அறியவில்லை.

தமிழிலே தட்டச்சிடுவது கடினம் என்ற முறைப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. ஈழத்து விரிவுரையாளர் பலர் ‘பாமினி’ எழுத்துருவிலே பழகியவர்கள். அவ்வெழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ். கணினியின் உள்ளே இருப்பதோ உரோமன் எழுத்துக்கள். ‘தமிழ்’ என்ற சொல்லை அதிற் பொறித்துப் பாடநெறிப் படிவத்தில் ஒட்டினால், நான்கு உரோமன் எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக அது இளித்துக்கொண்டு நிற்கும். இவ்வனுபவம் ஒருமுறை நேர்ந்தவர் மறுமுறை ஆங்கிலத்துக்கே ஓடிவிடுகின்றார். ஆயின் ஒருங்குறியிலே தமிழ் இடம்பெற்றது 1991 இல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாமினியைக் காரணங் காட்டுவது, பாமினியின் குற்றமன்று. மாற்றித் தரும் கருவிகள் இணையத்திற் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும். பீடங்கள் அப்பிற்பகலை ஒதுக்கவேண்டும்.

மாணவர் தரப்பிலிருந்தே எழும் வாதமொன்றும் உண்டு. அதுவே மனத்தை வருத்துவது. ஆங்கிலமின்றி வேலையில்லை, ஆங்கிலத் தலைப்பைக் கண்டு பழகினால் நல்லதுதானே என்கின்றனர். ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. கலைப்பீட மாணவருக்கு அது இன்று கிடைப்பதிலும் பன்மடங்கு வேண்டும். அதற்கு வேண்டியவை ஆசிரியரும் நேரமும் பயிற்சியும். தலைப்பை ஆங்கிலத்தில் எழுதிவைத்தாற் பாடம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டதாகாது. அது வெளியுலகுக்கு ஒரு பூச்சு. பூச்சுக்காக மாணவன் கொடுக்கும் விலை, தான் கற்பது இன்னதென்று தன் மொழியிற் சொல்ல இயலாமை. நேர்முகப் பரீட்சையில் “என்ன கற்றீர்?” என்று தமிழிற் கேட்டாலும் குறியீட்டைச் சொல்லித் தடுமாறும் பட்டதாரிகள் இப்படித்தான் உருவாகின்றனர். சிங்கள மொழிமூல மாணவரின் நிலையும் இதனின் வேறுபட்டதன்று. இது ஓரினத்தின் முறைப்பாடு எனக் குறுக்கிக் காண்போர் இதனையும் எண்ணிப்பார்ப்பாராக.

செய்யவேண்டியது பெரிதன்று. பாடநெறியை நடத்துபவரே அதன் படிவத்தை நிரப்பவேண்டும் எனப் பீடச் சபை விதிக்கட்டும். போதனா மொழியிலே முழுப்பெயரும் சுருக்க விளக்கமும் இல்லாத பாடநெறி மாணவர் கண்ணுக்குத் திறக்கப்படாதிருக்கட்டும். மறைத்துவைக்கும் வசதி படிவத்திலேயே உண்டு. ஒரு கிரெடிற்றுக்கு 50 மணிநேரக் கற்றல் என்கின்றது இலங்கைத் தகைமைச் சட்டகம்; அந்த 50 மணிநேரமும் எதற்குச் செலவாகும் என்பதை மாணவனுக்கு அவன் மொழியிற் சொல்ல ஒரு மணிநேரம் மிகையாகாது. தமிழ்ச் சங்கங்களும் ஆண்டுக்கொரு விழாவில் மொழி வாழ்த்துப் பாடி அமைவதோடு நில்லாது, தத்தம் பீடத்தின் தளத்தைத் திறந்து, தமிழ்ப் பெயருள்ளவை எத்தனை, அற்றவை எத்தனை என எண்ணிப் பீடாதிபதியிடம் கொடுக்கட்டும்.

அதுவரை, அத்தளத்தின் தேடற் பெட்டியில் ‘நாட்டார் வழக்காற்றியல்’ எனத் தமிழிற் பொறிக்கும் மாணவிக்குக் கிடைக்கும் மறுமொழி, அத்தகைய பாடநெறி எதுவும் இல்லை என்பதே. விரிவுரைகள் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகியிருக்கும்.