உண்டு பார்த்து உரைப்பவர்



மாற்றலாகித் திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழ்க் குடும்பத்தார், வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி விசாரித்த பின் மூன்றாவதாகக் கேட்பது, "நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதாகும். இரயில்வேயில் வேலை பார்க்கும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இக்கேள்வி பழகிப்போன ஒன்று. நாம் ஒரு கடையின் பெயரைச் சொன்னால், கேட்டவர் மனைவி மக்களுடன் அங்கே சென்று தம் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவிடுகிறார். ஆதலால் அது பொறுப்புள்ள சொல்.

இப்பொறுப்பையே உத்தியோகமாகக் கொண்டவர்களும் உலகில் உளர். பத்திரிகைகளில் உணவு விடுதிகளைப் பற்றி விமர்சனம் எழுதுவோரே அவர்கள். வயிறார உண்டு, அதற்குச் சம்பளமும் வாங்கும் பாக்கியசாலிகள் என்று அவர்களை நாம் எண்ணுவதுண்டு. அத்தொழிலின் ஒழுங்குகளை அறிந்தால் அவ்வெண்ணம் மாறும்.

அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் 1957-ஆம் ஆண்டு கிரெய்க் கிளைபோர்ன் என்பவர் உணவுப் பகுதியின் ஆசிரியரானார். விடுதி விமர்சனத்தை ஒழுங்குடைய தொழிலாக அங்கே நிலைநாட்டியவர் அவரே. தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமற் செல்லுதல், ஒரு முறைக்கு மேற்பட்டுச் சென்று உண்ணுதல், உண்டதற்குரிய பணத்தைப் பத்திரிகையே கொடுத்தல் ஆகியவை அவர் கைக்கொண்ட விதிகள். ஒரு நாள் சாம்பாரில் உப்பு மிகுந்தால் அது அன்றைய கைத்தவறு. போகும்போதெல்லாம் மிகுந்தால் அது கடையின் வழக்கம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு நாட் சாப்பாடு போதாது. இலவசமாக உண்டவருக்கோ, உப்பு மிகுந்திருந்தாலும் அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

தம்மைக் காட்டிக்கொள்ளாமற் செல்வது ஏன் என்பதற்கு அதே பத்திரிகையில் ரூத் ரைக்கல் என்ற அம்மையார் 1993-இல் எழுதிய விமர்சனம் சான்றாகும். 'லே சர்க்' என்ற புகழ்பெற்ற விடுதிக்கு அவர் சாதாரண மாது போல வேடமிட்டுச் சென்றபோது காத்திருக்க வைத்தனர், உபசாரமும் குறைவு. விமர்சகர் என்று தெரிந்த பின் சென்றபோதோ, ஸ்பெயின் நாட்டு மன்னரே காத்திருக்க, அம்மையாருக்கு மேசை ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லி வரவேற்றனர். இவ்விரு அனுபவங்களையும் அவர் அருகருகே வைத்து எழுதினார். அப்பத்திரிகையை வாங்கிப் படிப்போரில் மன்னர் எவருமிலர். அவர்கள் அறிய வேண்டியது சாதாரண மாதுக்குக் கிடைத்த உபசாரத்தையே அல்லவா?

இத்தகைய எழுத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2003-ஆம் ஆண்டு 'கோகோ ரோகோ' என்ற புதிய விடுதியைப் பற்றி 'சிட்னி மார்னிங் ஹெரால்டு' கடுமையாக எழுதி, இருபதுக்கு ஒன்பது மதிப்பெண் வழங்கியது. சில மாதங்களில் விடுதி மூடப்பட்டது. உரிமையாளர் தொடுத்த அவதூறு வழக்கு பல நீதிமன்றங்களுக்குச் சென்று, 2014-இல் ஆறு இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு என்று தீர்ப்பாயிற்று. விடுதி மூடப்படும்போது பரிமாறுபவர், பாத்திரம் துலக்குபவர் ஆகியோரின் பிழைப்பும் போகிறது. நம் தம்பானூரில் லாரி பேக்கர் எழுப்பிய வட்டக் கட்டிடத்தில் நடக்கும் இந்தியன் காபி ஹவுஸ், தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தாருடையது. அங்கே காபி ஆறியிருந்தது என்று எழுதுபவர், அது உண்மையாயின் தாராளமாக எழுதலாம். எழுதுமுன் மறுமுறையும் சென்று பருகிப் பார்ப்பது அவர் கடமை.

நம்மவர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. இங்குள்ள விடுதிச் சோறு தடித்துச் சிவந்திருக்கிறது, குழம்பில் தேங்காய் மிகுதி என்று புதிதாக வந்தவர் குறை கூறுவர். மட்டை அரிசி தடித்துத்தான் இருக்கும். தேங்காய் இந்நாட்டின் செல்வம். இவை சமையற்காரரின் குற்றமல்ல. சோறு வேகாதிருந்தாலோ, தேங்காய் ஊசியிருந்தாலோ, அது குற்றம். பழக்கமின்மைக்கும் சமையற் பிழைக்கும் உள்ள வேற்றுமையை அறியாதவர் விமர்சகராக இயலாது. இந்நகர விருந்தில் போளியின்மேல் பாயசம் ஊற்றி உண்பதைக் கண்டு முதலில் வியந்த நம் வீட்டுப் பிள்ளைகள், இன்று அதனைக் கேட்டு வாங்கி உண்கின்றனர்.

குடியேறி வாழும் நமக்கு மிக நெருங்கிய விமர்சகர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஜோனதன் கோல்ட். சட்டத்துறைச் செய்தித்தாள் ஒன்றில் அச்சுப்பிழை திருத்தும் சிறு உத்தியோகத்தில் இருந்த காலத்தில், பிக்கோ என்ற நீண்ட சாலையிலுள்ள உணவுக்கடைகள் அனைத்திலும் உண்டு பார்ப்பது என்று அவர் முனைந்தார். பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் நடத்திய சிறு கடைகளைப் பற்றியே அவர் பின்னர் பெரிதும் எழுதினார். 2007-இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. விடுதி விமர்சகர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அவர் 2018-இல் காலமானார். தமிழிலும், நம் ஊர்களின் பெயர் பெற்ற பண்டங்களையும் கடைகளையும் தேடிச் சென்று இதழாளர் சமஸ் எழுதியவை 'சாப்பாட்டுப் புராணம்' என்ற நூலாக வந்துள்ளன. விளம்பரம் கொடுக்க வசதியற்ற கடைக்கு இத்தகைய எழுத்தே துணை.

நம் சங்கத்து இதழிலும் உணவு விடுதிகளைப் பற்றி அன்பர்கள் எழுத முன்வரலாம். எழுதுவோர் தம் கைப்பணம் கொடுத்து உண்ணட்டும். இரு முறையேனும் செல்லட்டும். விலையை மறவாது குறிக்கட்டும். கடைக்காரர் உறவினராயின் அதனையும் வெளிப்படச் சொல்லட்டும். விளம்பரம் தந்த விடுதியாயினும், குறை இருந்தால் அது அச்சேற வேண்டும். நாளை நம் சொல்லை நம்பி, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் அந்த வாசலில் ஏறும். எழுதும்போது அவர்களை மனத்தில் இருத்துவோமாக.