பூட்டை மாற்றுமுன் திருடனை வெளியேற்றுங்கள்

கடைக் கணிப்பொறியில் வைரஸ் புகுந்து மின்னஞ்சலும் பறிபோனால் நம்மவர் என்ன செய்கிறார்கள்? அதே கணிப்பொறியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். தட்டும் எழுத்துகளைத் திருடும் புரோகிராம் உள்ளே இருந்தால் புதிய பாஸ்வேர்டும் அவனுக்கே போய்ச் சேரும். திருடனைக் கிடங்குக்குள் வைத்துக்கொண்டு வாசல் பூட்டை மாற்றுவது போன்றது இது.

முதலில் இண்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வைரஸ் இல்லாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றக் கணக்குகள் பலவற்றுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். மீட்பு எண் நம்முடையதுதானா, கடிதங்கள் வேறு முகவரிக்குத் தாமாகப் போகும்படி செய்திருக்கிறானா என்றும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வைரஸ் ஒழிப்பு புரோகிராமை ஓட்டினால் போதும் என்பார் மெக்கானிக். நான் ஒப்பமாட்டேன். ஹார்டு டிஸ்க்கை முழுதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். அதற்குப் பேரேட்டின் நகல், கணிப்பொறியோடு எப்போதும் இணைந்திராத தனி டிரைவில் இருக்க வேண்டும். பில் போட முடியாவிட்டால் என்னாகும் என்பதை 2021 ஜூலையில் ஸ்வீடன் கண்டது. பணம் கேட்டு முடக்கும் புரோகிராமால் கூப் நிறுவனத்தின் சுமார் 800 மளிகைக் கடைகள் மூடிக் கிடந்தன. நமக்கோ கடை ஒன்றுதான்.

பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் பேசுங்கள். நம்மிடம் சரக்கு எடுப்பவர்களுக்கும் போனில் சொல்லிவிடுங்கள். கடைப் பெயர் கெடும் என்று சிலர் இரண்டு நாள் மறைக்கிறார்கள். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று நம் பெயரில் வரும் கடிதத்தை நம்பி அவர்கள் பணம் அனுப்புவது அந்த இரண்டு நாளில்தான்.