நூறு வரை சொன்னால் கணக்கு வந்துவிட்டதா?

நாலு வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் நூறு வரை ஒப்பித்துவிட்டால், 'கணக்கில் புலி' என்று வீட்டில் பட்டம் கட்டிவிடுகிறோம். "முப்பத்தேழுக்கு முன்னால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். புலி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு கை புளியங்கொட்டையை எண்ணச் சொல்லி, "ஆக மொத்தம் எத்தனை?" என்றால், பதில் சொல்லாமல் திரும்ப எண்ணத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதே இன்னும் பிடிபடவில்லை.

பள்ளியும் இந்த மயக்கத்துக்குத் தீனி போடுகிறது. "1 முதல் 100 வரை எழுதி வா" என்பது அலுக்காத வீட்டுப்பாடம். எழுதும் பிள்ளையைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக 2, 2, 2 என்று போட்டுக்கொண்டே போகும். பிறகு மேலே வந்து பக்கத்தில் 0, 1, 2, 3 என்று நிரப்பும். டீச்சர் டிக் அடித்து 'வெரி குட்' போட்டுவிடுவார். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன்; அர்த்தமில்லாத வேலையைச் சீக்கிரம் முடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் வழிவந்த ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் கமி, 16 வில்லைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். 16 என்று எழுதி, அதில் 6 என்பது எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள் ஆறு வில்லைகளைக் காட்டினார்கள். 1 எவ்வளவு என்று கேட்டால் ஒரே ஒரு வில்லையைக் காட்டினார்கள். மீதி ஒன்பது வில்லைகள் அநாதையாகக் கிடந்தது அவர்களை உறுத்தவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிலும் பலர் இப்படித்தான்.

'நூற்றைந்து' எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவது இதன் தொடர்ச்சி. நூறை எழுதி, பக்கத்தில் ஐந்தை எழுதியாயிற்று. காதில் விழுந்ததற்கு அது நியாயமாகத்தான் இருக்கிறது. 52-இலிருந்து 27 போனால் 35 என்பதும் அப்படியே: இரண்டில் ஏழு போகாதென்றால் ஏழில் இரண்டைக் கழித்துவிட வேண்டியதுதானே!

"அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம்தானே?" என்பார்கள். உண்மைதான். ஆனால் எண்சுவடியை ஒப்பித்த பிள்ளை நெல் அளவையும் பொன் நிறையும் சேர்த்தே படித்தது. படித்ததை வைத்து நிலத்துக்கும் வட்டிக்கும் கணக்குப் போட்டது. நாம் ஒப்பித்தலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குச் செயல்பாட்டு வழிக் கற்பித்தலைக் கொண்டுவந்தது. அப்படி வகுப்பில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால், "விளையாட்டுத்தானா, பாடம் எப்போது?" என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: அதுதான் பாடம். ஆணிமணிச்சட்டம்கூட அதற்குப் பிறகுதான் வரவேண்டும். பத்தின் ஆணியில் கிடக்கும் மணியும் ஒன்றின் ஆணியில் கிடக்கும் மணியும் ஒரே மாதிரிதான். இது பத்து என்று பெரியவர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது. பத்து ஈர்க்குச்சியைத் தானே எண்ணி ரப்பர் பேண்ட் போட்ட பிள்ளைக்கு யாரும் சொல்ல வேண்டாம். அதன் முன்னால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்து, இருபத்தேழு குச்சியை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டை எடுத்து வைக்கும்; ஏழுக்கு உதிரி போதாமல் கொஞ்சம் விழிக்கும்; பிறகு ஒரு கட்டை அவிழ்க்கும். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்ற கதை அங்கே யாருக்கும் தேவைப்படாது.