மணி போய் இருபது நாள் ஆகிறது



சாயங்கால மணி அடிக்கும்வரை பள்ளிக்கூட வாசலில் படுத்திருந்து, என்னோடு வீடு திரும்பும் செவலை நாய் மணியைப் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினான்கு வயது. போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகிறது. நிறைய பேர் ஆறுதல் சொன்னீர்கள், நன்றி. ஆனால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கார்த்திகையிலேயே சாப்பாடு குறைந்துவிட்டது. தண்ணீர் மட்டும் ஓயாமல் குடித்தான். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். காலை இழுத்து நடந்தபோது எங்கள் வீட்டுக்காரர் பாராசிட்டமால் கொடுக்கப் போனார், நல்லவேளை மருமகள் தடுத்தாள். நமக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். புரூஃபன் இன்னும் மோசம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் முக்கால் பங்கு பழுதான பிறகுதான் அந்த அளவு ஏறும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு தனியார் கிளினிக்கில் தினமும் ட்ரிப்ஸ் போட்டார்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒன்பது நாள் போய்வந்தோம். ஆட்டோ சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். பத்தாவது நாள் ஒளிவதற்குக்கூட எழ முடியவில்லை. இவன் பிழைப்பானா என்று அத்தனை நாளும் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்தே கேட்காமல் இருந்தேன்.

அன்று பக்கத்துத் தெருவில் கன்று போட முடியாமல் தவித்த பசுவைப் பார்க்க அரசு கால்நடை மருத்துவர் வந்திருந்தார். கூப்பிட்டதும் வந்தார். தரையில் உட்கார்ந்து மணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "வாயெல்லாம் புண்ணு டீச்சர். இனி தேறாது. ட்ரிப்ஸ் ஏத்தினா நாலு நாள் கூட இருக்கும், அந்த நாலு நாளும் வலிதான்" என்றார்.

கருணைக்கொலை என்ற சொல்லைக் கேட்டதும் என் நாத்தனார் அழுதுவிட்டார். பாவம், அவர் காதில் கொலை மட்டும்தான் விழுந்தது. இந்தச் சொல்லை மாற்றினாலே பாதி வீடுகளில் தயக்கம் குறையும். நடந்தது இவ்வளவுதான்: முதலில் மயக்க ஊசி. மணி என் மடியிலேயே தூங்கினான். நன்றாகத் தூங்கிவிட்டானா என்று கண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த மருந்து. சில நிமிடங்களில் மூச்சு நின்றது. ஆட்டோ இல்லை, கிளினிக் மேஜை இல்லை. அந்த ஒன்பது நாளை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் தூக்கம் வருவதில்லை.

பசுவுக்கு வீடு தேடி டாக்டர் வருகிறார், 1962க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது. பசு வருமானம் தருகிறது, வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிழ நாய்க்கு விலை கிடையாது என்பதால் வலியும் கிடையாதா? 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னையில் வேப்பேரியில் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி. நடக்க முடியாத நாயை இங்கிருந்து அவ்வளவு தூரம் கொண்டுபோவது யார்? ஒவ்வொரு அரசு கால்நடை மருந்தகத்திலும் வாரம் ஒரு மாலை, எழ முடியாத செல்லப் பிராணிகளை வீட்டுக்கே வந்து பார்க்க ஒதுக்கலாம். கட்டணம் வைத்தாலும் கொடுப்போம். கம்பெனிகள் வந்த பிறகு நம் பக்கம் வீட்டுக்கு வீடு நாய்தான், குட்டியாக வாங்கும்போது யாரும் கடைசி நாளை யோசிப்பதில்லை.

அதுவரை நீங்கள் முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்: "இது தேறுமா, வலி இருக்கிறதா, உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" நேராகப் பதில் சொல்லாவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். குழியை ஆழமாகத் தோண்டுங்கள். ஊசி மருந்து உடம்பிலேயே இருக்கும், வேறு நாயோ காக்கையோ தின்றால் அதற்கும் ஆபத்து. நாங்கள் கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தோண்டினோம். மண் தள்ளியது என் பழைய மாணவன் ஒருவன், மணியிடம் கடி வாங்கியவன்.

படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர்களை உங்களுக்குத் தெரிந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.