பேஸ்பாலில் அரசியல் வேண்டாமாம்!

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்துவிடும். இவர் எந்த அரசியலைச் சொல்கிறார்?

2025 அக்டோபரில் இந்தப் பேச்சு மறுபடியும் கிளம்பியது. பேஸ்பாலின் உலகத் தொடர் என்று அவர்கள் அழைக்கும் இறுதிச் சுற்றில் டொராண்டோ புளூ ஜேஸ் அணியும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியும் மோதின. ஒரு பக்கம் கனடா, மறு பக்கம் அமெரிக்கா. அந்த ஆண்டு முழுவதும் இரண்டு நாடுகளுக்கும் இடையே இறக்குமதி வரிச் சண்டை. கனடாவை 51ஆவது மாநிலமாக்கிக்கொள்ளலாம் என்று டிரம்ப் பேசியதை அந்த ஊர் மக்கள் மறக்கவில்லை. இதற்கு நடுவில் ஒன்டாரியோ மாகாண அரசு ஒரு விளம்பரம் எடுத்தது. இறக்குமதி வரிகள் கெடுதல் என்று ரொனால்டு ரீகன் 1987இல் வானொலியில் பேசியதை எடுத்து அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடவிட்டார்கள். டிரம்புக்குக் கோபம் வந்து வர்த்தகப் பேச்சுவார்த்தையையே நிறுத்துவதாக அறிவித்தார். அதன் பிறகும் தொடரின் முதல் ஆட்டங்களுக்கு இடையே அந்த விளம்பரம் வந்தது. கேட்க வேண்டுமா? "ஐயோ, நல்ல ஆட்டத்தில் அரசியலைக் கொண்டுவந்துவிட்டார்களே" என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒரு நிமிட விளம்பரம் யாரை என்ன செய்துவிடும்? பேஸ்பாலில் உள்ள பெரிய அரசியல் தொலைக்காட்சியில் வருவதில்லை. அது நிதித்துறைக் கோப்பில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு சுமந்தவன் என்பதால் என் கண் அங்கேதான் போகும்.

புதுச்சேரிக்காரனுக்கு பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்கலாம். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். என் அக்காவும் அப்படித்தான். 1970களின் தொடக்கத்தில் கல்யாணமாகி கனடாவில் மோன்ரெயாலுக்குப் போனாள். (நாளிதழ்களில் மாண்ட்ரியல் என்று எழுதுகிறார்கள். அக்கா வாயில் கேட்டுப் பழகியதால் எனக்கு அது மோன்ரெயால்தான்.) தம்பிக்கு பிரெஞ்சு மறந்துபோகக் கூடாது என்று அந்த ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கங்களைக் கத்தரித்துக் கடிதத்தோடு அனுப்புவாள். அத்தான் வானொலி வர்ணனையை ஒரு கேசட்டில் பதிவு செய்து அனுப்பினார். வர்ணனையாளர் ழாக் துசே. முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்போஸ் ஆட்டங்களை பிரெஞ்சில் சொன்னவர். பந்தை எறிபவர் 'லான்ஸேர்', மைதானத்துக்கு வெளியே அடித்தால் 'சிர்க்குயி'. எந்த ஆட்டமும் பார்க்காமலே, சொற்களைக் கொண்டு அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் பிட்சர், ஹோம் ரன் என்றெல்லாம் கேட்டால் எனக்கு மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது.

மோன்ரெயால் எக்ஸ்போஸ் 1969இல் தொடங்கிய அணி. அமெரிக்காவுக்கு வெளியே பெரிய லீகில் இடம் பிடித்த முதல் அணி. கேரி கார்ட்டர், ஆந்த்ரே டாசன், டிம் ரெய்ன்ஸ், பெத்ரோ மார்த்தினேஸ், விளாதிமிர் கெரேரோ என்று பெயர்களை இன்றும் மூச்சு விடாமல் சொல்வேன். டொராண்டோ அணியில் இப்போது ஆடும் இளைய கெரேரோ, அப்பா எக்ஸ்போஸில் ஆடிய காலத்தில் 1999இல் மோன்ரெயாலில் பிறந்த பையன். அவனுக்காகத்தான் அந்த அக்டோபரில் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தேன். கடைசி ஆட்டம் பதினொரு இன்னிங்ஸ் போய் 5–4 என்று டாட்ஜர்ஸிடம் தோற்றார்கள். அதைப் பற்றி இன்னும் பேச மனம் வரவில்லை.

எக்ஸ்போஸின் பொற்காலம் 1994. அந்த ஆகஸ்ட் 12ஆம் தேதி வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது 74 வெற்றி, 40 தோல்வி. லீகிலேயே முதல் இடம். முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தார்கள், வீரர்கள் மறுத்தார்கள். அந்த வருடம் உலகத் தொடரே நடக்கவில்லை. 1995 வசந்தத்தில் நியூயார்க்கில் ஒரு பெண் நீதிபதி முதலாளிகளுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்த பிறகுதான் ஆட்டம் திரும்பியது. அந்த நீதிபதி சோனியா சோட்டோமயோர், இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார். எங்கள் அணிக்கு மட்டும் ஒன்றும் திரும்பவில்லை. வேலைநிறுத்தம் முடிந்த சில நாட்களிலேயே நல்ல ஆட்டக்காரர்களை நிர்வாகம் விற்றுத் தள்ளியது. கூட்டம் குறைந்தது. பிறகு நிர்வாகம் ஒரு காரணம் கண்டுபிடித்தது: மைதானம் சரியில்லை, புதியது வேண்டும், அரசு பணம் தர வேண்டும்.

இங்கேதான் என் கதாநாயகன் வருகிறார். லூசியன் புஷார், அன்று கெபெக் மாகாணத்தின் முதல்வர். பிரிவினை கேட்ட கட்சியின் தலைவர் அவர். அந்தக் கொள்கைக்குள் நான் போகவில்லை. அப்போது அவர் பற்றாக்குறையைப் பூஜ்யமாக்குகிறேன் என்று கிளம்பியிருந்தார். மோன்ரெயாலில் பல மருத்துவமனைகள் மூடப்பட்டன, செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். அந்தச் சமயத்தில் பேஸ்பால் முதலாளிகள் வந்து கை நீட்டியபோது, மருத்துவமனைகளை மூடிக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்குப் பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். பின்னால் வந்த முதலாளிகளோடு கடன் வட்டி பற்றி ஏதோ பேச்சு நடந்தது, ஆனால் அந்தப் புது மைதானம் எழும்பவே இல்லை.

அந்த மறுப்பு சரியானது. அதனால் என் அணி போயிற்று என்று தெரிந்தும் சொல்கிறேன்.

கெபெக் மக்களுக்கு ஏற்கெனவே ஒரு சூடு இருந்தது. 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்டேடியம். எக்ஸ்போஸ் 1977 முதல் அங்கேதான் ஆடினார்கள். ஒலிம்பிக்கில் நஷ்டமே வராது என்று மேயர் ழான் த்ராபோ சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். விளையாட்டு முடிந்து பதினொரு வருடம் கழித்துத்தான் அதற்குக் கூரை வந்தது. அந்தக் கூரையும் அடிக்கடி கிழிந்தது. 1991இல் 55 டன் எடையுள்ள கான்கிரீட் உத்தரம் ஒன்று விழுந்து, மீதி ஆட்டங்களை அணி வெளியூரில் ஆட வேண்டி வந்தது. வட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 150 கோடி கனடிய டாலர் செலவு. சிகரெட்டுக்கு வரி போட்டு 2006 வரைக்கும் கடன் கட்டினார்கள். முப்பது வருடம்! அத்தான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் புகைப்பவர். "அந்தக் கட்டடத்தில் ஒரு தூண் என்னுடையது" என்பார்.

2003 கோடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டில் இருந்தபோது அந்த ஸ்டேடியத்தில் ஒரு ஆட்டம் பார்த்தேன். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். வந்திருந்த கொஞ்சம் பேர் அந்த மடக்கு நாற்காலிகளைத் தூக்கித் தூக்கி அடித்துச் சத்தம் எழுப்பினார்கள். ஆளில்லாத குறையை நாற்காலியே தீர்த்தது.

அதற்கு முந்தைய வருடமே அணியை லீக் 12 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அதாவது எக்ஸ்போஸோடு போட்டியிடும் மற்ற 29 அணிகளின் முதலாளிகள் சேர்ந்து எக்ஸ்போஸுக்கும் முதலாளி ஆனார்கள். 'சொந்த ஊர்' ஆட்டங்களில் 22ஐ போர்ட்டோ ரிக்கோவில் நடத்தினார்கள். 2004 முடிந்ததும் அணி வாஷிங்டனுக்குப் போயிற்று. 2006இல் லீக் அதை 45 கோடிக்கு விற்றது. இரண்டு தொகைக்கும் நடுவில் என்ன நடந்தது? வாஷிங்டன் நகரம் 60 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணத்தில் மைதானம் கட்டித்தர ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் திடீரென்று நான்கு மடங்கு நன்றாக ஆடவில்லை. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் தணிக்கைக்காரர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை வைத்திருப்பார்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் ஓக்லண்டு அத்லெட்டிக்ஸ் என்ற அணி 1968 முதல் அந்த ஊரில் ஆடியது. அதன் முதலாளி லாஸ் வேகஸ் போகிறேன் என்றார். நெவாடா மாநிலம் 2023 ஜூனில் 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் தரச் சட்டம் போட்டது. அந்த மசோதா மேலவையில் நிறைவேறிய அதே நாள் ஓக்லண்டு ரசிகர்கள் மைதானத்தை நிரப்பி, அணியை விற்றுவிட்டுப் போ என்று முதலாளியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நெவாடாவின் ஆசிரியர் சங்கம், பள்ளிக்கூடத்துக்கு இல்லாத பணம் இதற்கு எப்படி வந்தது என்று பொதுவாக்கெடுப்பு கேட்டது. மனுவின் வாசகம் சரியில்லை என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்த செப்டம்பரில் ஓக்லண்டில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 46,889 பேர். ரசிகர்கள் இல்லாததால் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது அணி சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு சின்ன லீக் மைதானத்தில், ஊர்ப் பெயர்கூட இல்லாமல், ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது.

இந்த மிரட்டல் எப்படிப் பலிக்கிறது? லீகில் 30 அணிகள்தான். அணி கேட்டு நிற்கும் ஊர்கள் எப்போதும் அதைவிட அதிகம். வேறு எந்த வியாபாரமாவது இப்படிச் செயற்கையாகத் தட்டுப்பாடு உண்டாக்கினால் ஏகபோகத் தடைச் சட்டம் பாயும். பேஸ்பால் மீது பாயாது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே அல்ல என்று தீர்ப்பளித்தது. 1972இல் கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரர் போராடிப் பார்த்தார், அவரும் தோற்றார். 1998இல் வீரர்களின் வேலை விஷயத்தில் மட்டும் ஒரு சட்டம் கொஞ்சம் வழி விட்டது. ஊர் மாற்றுவது போன்றவை இன்னும் பழையபடியே. நாடாளுமன்றம் நினைத்தால் ஒரு வருடத்தில் இதை மாற்றலாம். நினைக்கவில்லை. இதுவும் அரசியல்தானே?

அதனால்தான் 'அரசியல் வேண்டாம்' என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. பேஸ்பாலின் பெருமையாக அவர்கள் காட்டுவது ஜாக்கி ராபின்சனை. கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த பெரிய லீகின் கதவை 1947இல் திறந்தவர். அதற்கு முந்தைய வருடம் மோன்ரெயால் ராயல்ஸ் அணியில்தான் ஆடினார், அந்த ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ராணுவத்தில் இருந்தபோது பேருந்தின் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக விசாரணைக்கு நின்று விடுதலையானவர். அவருடைய ராணுவ வாழ்க்கை பற்றிய பக்கத்தை 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டு, கூச்சல் எழுந்ததும் திரும்பப் போட்டது. அதே வருடம், சூதாட்டத்துக்காக ஆயுள் தடை வாங்கி இறந்துபோன பீட் ரோஸின் பெயரை, டிரம்பைச் சந்தித்த சில வாரங்களில் லீக் ஆணையர் தடைப்பட்டியலிலிருந்து நீக்கினார். (ரோஸ் தன் 4000ஆவது அடியை 1984இல் எக்ஸ்போஸ் சட்டையில்தான் அடித்தார். ஆட்டக்காரனாக எனக்கு அவரைப் பிடிக்கும். அது வேறு.) வெள்ளை மாளிகை கேட்டால் கதவு திறக்கிறது, ரசிகன் கேட்டால் அரசியல் பேசாதே என்கிறார்கள்.

அக்கா என் கட்சி இல்லை. அவளுக்கு புஷார் மீது கோபம் இன்னும் தீரவில்லை. அவள் வாதத்திலும் விஷயம் இருக்கிறது. 2024இல் கெபெக் அரசு அந்த ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் புதுக் கூரை போட 87 கோடி கனடிய டாலர் ஒதுக்கியது. "அணியும் போச்சு, பணமும் போச்சு. அன்றைக்கே ஊர் நடுவில் சின்னதாக ஒன்று கட்டியிருந்தால் சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்" என்கிறாள். கூரை என்பது பொதுச் சொத்தின் பராமரிப்பு, தனி முதலாளிக்கு மானியம் இல்லை என்று நான் சொன்னேன். "போடா, நீயும் உன் கோப்பும்" என்றாள். அவள் சொல்லும் அந்தச் சாயங்காலத்துக்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லைதான். ஆனால் மூடிய மருத்துவமனையின் வாசலில் நின்றவனுக்கும் ஒரு சாயங்காலம் இருந்திருக்கும்.

இப்போது லீகை 32 அணிகளாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. மோன்ரெயாலின் பெயரையும் சிலர் சொல்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்து, வந்தால் சீசன் டிக்கெட் வாங்கப் போவதாகச் சொன்னாள். எழுபத்தொன்பது வயதில். வாங்கு அக்கா, உன் டிக்கெட்டுக்கு நீ கொடு, மைதானத்துக்கு அவன் கொடுக்கட்டும் என்றேன். சரி சரி, மாத்திரை போட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டாள்.