வலிக்காத புண்

காலில் முள் தைத்தால் வலிக்கிறது. வலித்தால் குனிந்து பார்க்கிறோம், பிடுங்கி எறிகிறோம். வலி என்பது இயற்கை நமக்குக் கொடுத்திருக்கும் காவல்காரன். அந்தக் காவல்காரன் தூங்கிவிட்டால்? முள் உள்ளேயே இருக்கும். புண் புரையோடும். ஆளோ செருப்பை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்!

சர்க்கரை வியாதிக்காரர்களில் பலருக்கு நேர்வது இதுதான். பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. ரத்தக் குழாய்கள் குறுகிவிடுகின்றன. புண் வந்தது தெரிவதில்லை. வந்த புண் ஆறுவதுமில்லை. சீழ் எலும்பு வரை போனபின் டாக்டரிடம் ஓடினால், விரலை எடுப்பதா, காலையே எடுப்பதா என்ற பேச்சு வந்துவிடுகிறது.

இது பணக்காரர் வியாதி என்பது பழங்கதை. நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிப் பேருக்கு மேல் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

தாராபுரத்துக் கால்கள்

அமராவதிக் கரையில் உள்ள தாராபுரம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். காட்டிலும் வயலிலும் வெறுங்காலுடன் நடப்பவர்கள் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். கட்டிங் மேஜை முன்னால் நாள் முழுவதும் நிற்பவருக்குக் காலில் நரம்பு சுருண்டு, கணுக்கால் பக்கம் ஆறாத புண் வருவதுண்டு. சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு ஷிப்டு போனால் அன்றைய கூலி போச்சு. ஆகவே "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று புண்ணுக்கு வாய்தா கொடுக்கிறார்கள். அதுவரை மஞ்சள் தூள், காப்பித் தூள் வைத்துக் கட்டுகிறார்கள். புண் வாய்தாவுக்குக் கட்டுப்படுமா?

வேலூர் சொன்ன பாடம்

ஆறாத புண்ணை ஆற்றும் வித்தையில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்டு, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் கை கால் தானாக அழுகிவிடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உணர்ச்சி இல்லாததால் படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். புண்ணின் மேல் உடல் பாரம் விழாதபடி மாவுக்கட்டும், மெத்தென்ற ரப்பர் செருப்பும் கொடுத்தார்கள். புண்கள் ஆறின! 1966-ல் அவர் அமெரிக்கா சென்றார். வேலூர்ப் பாடம் அங்கே சர்க்கரை வியாதிக்காரரின் கால்களுக்கும் பயன்பட்டது.

இன்றும் வைத்தியம் அதே வழியில்தான் நடக்கிறது. செத்த சதையை எடுக்க வேண்டும். புண்ணைச் சுத்தமாகக் கழுவி, காய்ந்துவிடாமல் கட்ட வேண்டும். பாரம் விழாமல் பார்க்க வேண்டும். காலுக்கு ரத்தம் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். சர்க்கரையை அடக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வீணாகிவிடலாம்.

பாட்டில் மோகம்

நம் ஜனங்களுக்கு ஒரு மோகம் உண்டு. உடம்பு சோர்ந்தால் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்" என்று டாக்டரைக் கேட்பார்கள். சாதாரணமாக ஏற்றும் அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன்! சர்க்கரை வியாதிக்காரர் தேவையில்லாமல் இதைக் கேட்டு வாங்கலாமா?

நரம்பு வழி மருந்து மட்டமானது என்று நாம் சொல்லவில்லை. 1832-ல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் காலரா நோயாளிகளின் ரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றியது முதல், அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. எலும்பில் சீழ் பிடித்தவருக்குச் சில சமயம் வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். அங்கேதான் நாம் தவறுகிறோம். வேண்டாத பாட்டிலைக் கேட்டு வாங்குகிறோம். வேண்டிய மருந்தைக் காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி வீடு திரும்புகிறோம்! கையில் ஊசி குத்திய இடம் சிவந்தாலும் வீங்கினாலும் நர்ஸிடம் உடனே சொல்வதுமில்லை.

செய்ய வேண்டியது

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் தொடங்கியது. திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. நல்ல காரியங்கள். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டியவர், தாராபுரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் போய்வந்து கொண்டிருக்க முடியுமா? பஸ் கட்டணமும் போன கூலியும் சேர்ந்து அவரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும்.

தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் புண்ணுக்கென்று ஓர் அறை வேண்டும். அதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும். வேலை விட்டு வருகிறவருக்கு மாலையிலும் அது திறந்திருக்க வேண்டும். நரம்பு வழி மருந்தைத் தினமும் வந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பவும் அங்கே வசதி வேண்டும். மாத்திரை கொண்டுவருபவர், "காலைக் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கம்பெனி முதலாளிகள் கட்டு மாற்றும் நாளில் இரண்டு மணி நேரம் கூலி பிடிக்காமல் அனுப்பட்டும். தேர்ந்த தொழிலாளியை இழப்பதைவிட அது லாபம்தானே!

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், இரவு படுக்குமுன் அவர் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கையும் குதிகாலையும் விடாதீர்கள். கொப்புளமோ, வெடிப்போ, நிற மாற்றமோ தெரிந்தால் மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "வலிக்கவில்லையே" என்பார். வலிக்கவில்லை என்பதற்காகவே போக வேண்டும்.