ஜெராய் உச்சியில் முந்தும் கடிகாரம்

மலேசியாவின் பீடோங்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். அதன் உச்சியில் ஒரு கடிகாரத்தையும் கடல் மட்டத்தில் இன்னொன்றையும் வைத்தால், மேலே இருப்பது ஒரு நாளில் ஏறக்குறைய 11 நானோ விநாடி முந்திவிடும். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோ விநாடி. கடிகாரத்தில் பழுது எதுவும் இல்லை. பூமியை விட்டு மேலே போகப் போக நேரமே சற்று வேகமாக நகர்கிறது. இது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொல்வது.

ஜெராய்க்கு இது கணக்குதான். தோக்கியோவில் அளந்தே காட்டிவிட்டார்கள். இயற்பியலாளர் ஹிடெதோஷி கதோரியின் குழு ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியில் ஒன்றும் 450 மீட்டர் உயரத்தில் ஒன்றுமாக இரண்டு கடிகாரங்களை வைத்தது. மேலே இருந்தது நாளுக்கு 4.26 நானோ விநாடி முந்தியது. முடிவு 2020-இல் வெளியானது.

இவ்வளவு நுணுக்கம் எப்படி வந்தது? எந்தக் கடிகாரத்துக்கும் மாறாத துடிப்பு ஒன்று வேண்டும். அணுக் கடிகாரம் அதை அணுவிடமிருந்து பெறுகிறது. அணுவில் உள்ள எலக்ட்ரான் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவ, மிகச் சரியான அதிர்வெண், அதாவது விநாடிக்கு இத்தனை துடிப்பு, கொண்ட அலை அதன் மேல் பட வேண்டும். சற்றே பிசகினாலும் தாவும் அணுக்கள் குறைந்துவிடும். ஆகவே அதிக அணுக்கள் தாவும் வரை அலையைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு துடிப்புகளை எண்ணுகிறார்கள். சீசியம் அணுவுக்கு ஏற்ற நுண்ணலை 9,192,631,770 முறை துடித்தால் ஒரு விநாடி. 1967 முதல் இதுவே விநாடியின் வரையறை. மலேசிய நேரத்தைச் சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் காப்பதும் சீசியக் கடிகாரங்களைக் கொண்டுதான்.

கதோரி பயன்படுத்தியது ஒளிக் கடிகாரம். இதில் நுண்ணலைக்குப் பதில் கண்ணுக்குத் தெரியும் லேசர் ஒளி. ஸ்ட்ரான்சியம் அணுவுக்கு ஏற்ற சிவப்பு ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 429 லட்சம் கோடி முறை துடிக்கிறது. அளவுகோலின் கோடுகள் நெருங்க நெருங்க அளவும் நுணுகும். ஆனால் இரண்டு இடைஞ்சல்கள் இருந்தன. ஒன்று, அணுக்கள் ஓடிக்கொண்டே இருந்தால் அளவு பிசகும். லேசரால் அவற்றைக் குளிர்வித்து, ஒளியாலான கூட்டில் பிடித்து வைக்கிறார்கள். மற்றொன்று, இத்தனை வேகமான துடிப்பை எந்த மின்னணுக் கருவியும் நேராக எண்ணாது. அதற்கு 'அதிர்வெண் சீப்பு' என்ற லேசர் வழி செய்தது. சீராக இடைவெளி விட்ட அதன் ஒளிக்கோடுகள் ஒளியின் துடிப்பை எண்ணக்கூடிய நுண்ணலையோடு இணைக்கின்றன. அதில் பங்காற்றிய ஹால், ஹென்ஷ் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இன்றைய சிறந்த ஒளிக் கடிகாரங்கள் ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாட்டையும் உணரும். நிலத்தின் உயரத்தை அளக்கவும் இது உதவும். ஜி.பி.எஸ். தரும் உயரம் பூமிக்குக் கற்பனையாகப் போர்த்திய ஒரு வழவழப்பான வடிவத்திலிருந்து அளந்தது. தண்ணீருக்கு அந்த வடிவம் தெரியாது. அது ஈர்ப்பைப் பார்த்து ஓடுகிறது. கடிகாரமும் ஈர்ப்பைத்தான் உணர்கிறது. இரண்டு இடங்களில் கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடினால், அவற்றுக்கிடையே வாய்க்கால் வெட்டினாலும் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாது. ஜெராய்க்கு வடக்கே முடா வயல்வெளி போன்ற தட்டையான நிலத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்கு இத்தகைய நுண்ணிய உயர வேறுபாட்டை அறிவது உதவும்.

நாளைக்கே நில அளவையாளர் கையில் இது வந்துவிடாது. கருவி இன்னும் பெரியது, விலையும் அதிகம். விநாடியையே ஒளிக் கடிகாரத்தால் மறுவரையறை செய்யும் முடிவை 2030 வாக்கில் எடுக்க அனைத்துலக அளவியல் அமைப்புகள் திட்டமிட்டுள்ளன. எந்த அணுவைத் தேர்வது என்பதில் போட்டி இருக்கிறது: ஸ்ட்ரான்சியம், இட்டர்பியம், அலுமினியம் என ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அவசரப்படாமல், வெவ்வேறு நாடுகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை காத்திருப்பதே சரி என்று தோன்றுகிறது. அப்படி ஒப்பிடும்போது, ஒவ்வோர் ஆய்வகமும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சென்டிமீட்டர் கணக்கில் முதலில் அறிந்தாக வேண்டும்.